சுருதிப் பெட்டிக்கு ஏது சீவாளி?

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் அருணகிரி ஐயா அவர்களே! அண்ணாமலையின் அடிவாரத்தில் ஆண்டுகள் பல கண்ட ஆன்றோர்களே! பந்தல் கொள்ளாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இன்று தம் முதல் குறுந்தகடு காணும் நாகஸ்வரக் கலைஞர் ஆதிமூலம் அவர்களே! அதைப் பதிவு செய்த ஒலிக்கூடத்தின் உரிமையாளர் நந்தினி அவர்களே! வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கோதண்டராமனின் வணக்கம்!

கம்ப்யூட்டர்காரனுக்குக் கச்சேரி மேடையில் என்ன வேலை என்கிறீர்களா? குற்றவாளிக்கு நீதிமன்றத்தில் என்ன வேலையோ, அதுதான்! சிரியுங்கள், சிரியுங்கள், முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நந்தினியின் கூடத்துக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தவன் நான். தவிலும் தாளமும் சேர்ந்து ஒலித்தால் பதிவு பளிங்கு! ஆதிமூலம் தனியாகத் தோடி வாசித்தால் மட்டும் இடையிடையே பிசிறு! என்னை அழைத்தார்கள். கம்ப்யூட்டரில் குறையே இல்லை, நாகஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளியில்தான் விரிசல் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அவரும் மூன்று சீவாளி மாற்றினார். பிசிறு போகவில்லை. மூன்றாம் நாள் நாகஸ்வரத்தை உறையில் போட்டுவிட்டு நந்தினியிடம் சொன்னார்:

"நாப்பது வருசமா ஊதுறேம்மா. இப்ப என் காதையே என்னால நம்ப முடியல. இனிமே நான் வாசிக்கல."

நந்தினி விட்டாரா? எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை மட்டும் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்தார். அதிலும் பிசிறு! சுருதிப் பெட்டிக்கு ஏது சீவாளி?

கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று தேடிக் கண்டுபிடித்தார். வேலை கம்மியானால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் தானே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். பல வாத்தியம் என்றால் விழித்திருக்கும்; ஒற்றை நாகஸ்வரம் என்றால் கண்ணயரும். அயர்ந்து விழிக்கும் அந்த நொடியில்தான் ஒலி அறுந்தது. அந்த வசதியை அணைக்கிறேன் என்றார் நந்தினி. சூடாகும், கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், கூடவே கூடாது என்றேன். அவர் அணைத்தார்! வீட்டுக்கே போய்க் கலைஞரை அழைத்து வந்தார்! தோடி எழுந்தது. ஒரு பிசிறு உண்டா? ஒரு தடங்கல் உண்டா?

கைதட்டுங்கள், அந்தப் பெண்ணுக்குத் தகும்.

கடிதம் அடிக்கும் கம்ப்யூட்டரா? தாராளமாகத் தூங்கட்டும்! கலைஞனின் மூச்சைத் தாங்கும் கம்ப்யூட்டரா? கண்ணிமைக்கவும் கூடாது! பின்வரிசையில் ஒருவர், சூடாகாதா என்கிறார். ஆகும் ஐயா, ஃபேன் வைத்துக்கொள்வோம்!

ஆதிமூலம் அவர்களே, தவறு உங்கள் வாசிப்பில் இல்லை. நான் விற்ற பெட்டியில் இருந்தது. உங்களைக் குறை சொன்னது மூன்று பேர் இருந்த அறையில்; மன்னிப்புக் கேட்பது ஊர் கூடிய மேடையில். கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். இந்த மைக்கை அவர் முன்னால் வைக்கிறேன். வாசியுங்கள் ஐயா!