காரின் மேல்தோலை உரித்த கரங்கள்

அலைகடலும் அமைதி ஏரியும் கைகோக்கும் பழவேற்காட்டு மண்ணிலே, அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் பெருமாள் அவர்களே! வலைக் கயிற்றின் தழும்பேறிய கரங்களோடு வந்திருக்கும் பெரியோர்களே! இறால் கொட்டகையிலிருந்து ஈரம் காயாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் விசிலடிக்கும் படகுத் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் கார் டிரைவர் உமரின் பணிவான வணக்கம்.

"விஷயத்துக்கு வா பாய்!" என்கிறார் லைட்ஹவுஸ் குப்பத்து எல்லப்பன். வருகிறேன் ஐயா! நான்கு நாள் பிடித்த மூச்சை நேற்றுதான் விட்டேன். கொஞ்சம் நிதானமாகப் பேச விடுங்கள்.

ஊருக்கு இருக்கும் ஒரே வாடகைக் கார் எது? பிரசவ வலியா, பாம்புக் கடியா, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பறக்கும் கார் எது? என் கறுப்பு அம்பாசிடர்! அதை உப்புக் காற்று தின்றுவிடக் கூடாதென்று, துபாயிலிருந்து அண்ணன் முகைதீன் கொண்டுவந்த ஒட்டுகிற கண்ணாடித் தாளை எண்பத்திரண்டில் பானெட் முதல் டிக்கி வரை ஒட்டினேன். அடடா, என்ன பளபளப்பு! மூன்றே வருடம். மஞ்சள் பூத்தது, மடிப்பு விழுந்தது, ஓரமெல்லாம் உப்பு பொரிந்தது.

போன வெள்ளிக்கிழமை வண்டியை எப்.சி.க்கு, அதுதான் தகுதிச் சான்றுக்குக் காட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் தட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இது? உள்ள தகரம் இருக்குதா, துரு இருக்குதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? உரிச்சிட்டு திங்கக்கெழம வா. துரு தின்னிருந்தா வண்டி ரோட்டுக்கு வராது" என்றார். அவர் சொன்னதில் தவறுண்டா? இல்லவே இல்லை.

கத்தியால் சுரண்டினேன்; பெயின்ட் கீறியது. மண்ணெண்ணெய் தடவினேன், தாள் அசையவில்லை. என் மனைவி மெஹருன்னிசா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிழைப்பே போச்சு என்று அழுதேன். ஆமாம், அழுதேன்! சிரிக்காதீர்கள்.

அப்போது வந்தார் சூசையம்மாள், இறால் உரிக்கும் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி. இடுப்பில் கை. "இன்னா பாய், எறா நாத்தம் அடிக்குதுன்னு என்னை இந்த வண்டில ஏத்த மாட்டேன்னியே. கொட்டுற மழையில பஸ்ஸுக்கு நின்னேன். இப்ப அதே நாத்தக் கைய இதுல வெக்கலாமா?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏழு பெண்களைக் கூப்பிட்டார். வெந்நீரில் நனைத்த சாக்கைத் தாளின்மேல் போர்த்தினார்கள். சூட்டில் பசை இளகியது. "வெடுக்குனு இழுக்காதீங்கடி! மடிச்சுப் படுக்க வெச்சு மெதுவா உரிங்க!" நகம் நுழைந்தது, தாள் நழுவியது. ஒட்டி நின்ற பிசினைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். உள்ளே பெயின்ட்டா, துருவா? கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"தொறந்து பாரு பாய்!"

கறுப்பு, தோழர்களே! வண்டி வாங்கிய அன்றிருந்த அதே கறுப்பு! வலது கதவின் அடியில் மட்டும் நாலணா அகலத்தில் துரு. நேற்று இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தார்.

தாய்மார்களே! எதை மூடி மூடிக் காத்தேன்? பெயின்ட்டை! யாரை மழையில் நனைய விட்டேன்? உங்களை! சீட்டு நாறினால் சோப்புப் போட்டுக் கழுவலாம். நான் சொன்ன சொல்லை எதைப் போட்டுக் கழுவுவேன்? ஊரார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன். கூட்டம் கலைந்ததும் கார் உங்களுக்காக நிற்கும். முன்சீட்டு சூசையம்மாளுக்கு. கை கழுவ வேண்டாம், அப்படியே ஏறுங்கள்!

செவி தந்தவர்களுக்கு நன்றி. வண்டியை மீட்டுத் தந்தவர்களுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம்.