சத்தம் போடாத டயர்

நல்ல டயர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த மலையில் யாரிடம் கேட்டாலும் கறுப்பாக, வட்டமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் அக்கறை கிடையாது. அதனால் நான் சொல்வதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் விஜயனிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். எங்கள் தோட்டத்துத் தூள் இல்லை, வாயில் வைக்க முடியவில்லை. இருந்தாலும் மரியாதைக்காகக் குடித்தேன்.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை மாலை ஆலை வளைவில் என் கார் மோதி வேலம்மா என்ற பெண் இறந்துபோனாள். அப்போது டயர் வழுக்கியதா, இல்லையா? வழுக்கியது என்றால் அது விபத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படியே சொல்லிவிடுங்கள் என்று என் மனைவி மேவிஸ் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கம்பெனி வக்கீல் தாப்பாவிலிருந்து மலையேறி வந்து அதையே சொன்னார். எல்லாரும் சேர்ந்து பழியை டயரின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

என் பெயர் ஞானசுந்தரம். இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தமிழன் நான்தான். அப்பா இதே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன்னுடைய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரை எனக்கு விற்றார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை துணியால் ஆனது, மடக்கிவிடலாம். மழை விடாத ஊரில் கூரையில்லாத கார் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. என்னிடம் குடை இருக்கிறது.

டயருக்கு வருவதற்கு முன் எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு லாரி போகிற அகலம். சரிவை ஒட்டி மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். துரையின் கார் வந்தால் நடந்து போகிறவர்கள் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். கார் நிற்காது, வேகமும் குறையாது. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் நானும் அந்த வாய்க்காலில் நின்றிருக்கிறேன். கழுத்தில் டையும் முழங்கால் வரை சேறுமாக அப்பா என் பக்கத்தில் நிற்பார். கார் போனதும், "தொரை நம்மளைப் பாத்துத் தலையாட்டுனாருடா" என்று பூரித்துப்போவார். தலையாட்டியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் மேனேஜரானதும் இந்த வழக்கத்தை நிறுத்திவிடுவேன் என்று எதிர்பார்த்ததாகப் பக்கத்துத் தோட்டத்து மேனேஜர் கிரகரி கிளப்பில் வைத்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை வருஷம் வாய்க்காலில் நின்றவனுக்கு இப்போதுதான் ரோடு கிடைத்திருக்கிறது. கிடைத்த அன்றே அதைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

காரோடு வந்த பழைய டயர்கள் மட்டமானவை. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் போதும், கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் இரண்டு வளைவுக்கு அப்பால் வரை கேட்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் அதைக் கேட்டதும் கூடையோடு வாய்க்காலில் இறங்கிவிடுவார்கள். வசதியான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் தொழிலாளர் குடியிருப்பு வழியாக நடந்து போனபோதுதான் விஷயம் தெரிந்தது. என் காருக்கு அங்கே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "ஏய், பன்னி வருது, எறங்கு எறங்கு" என்று பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களும் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் டயரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கீழே ஈப்போ பட்டணத்தில் ஒரு சீனர் வெளிநாட்டு டயர்களை வரவழைத்துக் கொடுப்பார். அவரிடமிருந்து ஜெர்மன்காரர்களின் விளக்கப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். ஐரோப்பாவில் டயருக்கு இரண்டு ஜாதி. பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்காலத்துக்கு ஒன்று. பனிக்கால டயரின் ரப்பர் குளிரில் மெத்தென்று இருக்கும், ரோடு சுட்டால் குழைந்துபோகும். கோடைக்கால டயர் வேறு ரகம். உறைபனி விழாத வரை ரோட்டைப் பிடித்த பிடி விடாது. சுற்றிலும் ஆழமான கோடுகள் வெட்டியிருப்பார்கள். ஈர ரோட்டில் தண்ணீர் அந்தக் கோடுகள் வழியாக வெளியேறிவிடும், ரப்பர் நேராகத் தாரில் உட்காரும். பக்கச் சுவரும் விறைப்பானது, வளைவில் மடங்காது. மடங்காததால் கத்தவும் கத்தாது. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

"ஏங்க, ராத்திரியில கம்பளி ரெண்டு போத்திக்கிட்டுப் படுக்கிறோம். நமக்கு எதுக்கு சம்மர் டயரு?" என்றாள் மேவிஸ்.

நம் குளிர் சுவெட்டர் குளிர், தண்ணீர் உறைகிற குளிர் இல்லை என்று அவளுக்கு விளக்கினேன். ரப்பரின் கண்ணுக்கு இந்த மலையில் வருஷம் முழுக்கக் கோடைதான். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். கிளப்பில் கிரகரி அவ்வளவு மரியாதையாகக் கேட்கவில்லை. "மொத மழையிலயே சறுக்கிக்கிட்டுப் போயி தேயிலைக்குள்ள நிக்கப் போற லா. நாங்க லோரி கொண்டாந்து இழுக்கணும்" என்றான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

டயர்கள் வந்தன. ஈப்போவில் மாட்டிக்கொண்டு தாப்பா ரோட்டில் ஏறினேன். அந்த ரோட்டில் வளைவுக்கு மேல் வளைவு. மலைமேல் ரிங்லெட் ஊர் வரை மழை கொட்டியது. ஒரு வளைவில்கூட டயர் முனகவில்லை. அன்று நான் அழுதேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கல்யாண நாளில்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

தோட்டத்தில்தான் அந்த டயரின் அருமை யாருக்கும் புரியவில்லை. கார் பக்கத்தில் வந்த பிறகுதான் பெண்களுக்குத் தெரிகிறது. அலறி அடித்துக்கொண்டு வாய்க்காலில் குதிக்கிறார்கள். கூடை கவிழ்கிறது, கொழுந்து வீணாகிறது. கங்காணி முருகையா தலையைச் சொறிந்துகொண்டு ஆபீசுக்கு வந்தார்.

"தொரை, முந்தி சத்தம் கேக்கும், எறங்கிருவாங்க. இப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. வளைவுல ஒரு ஹாரன் அடிச்சிட்டு வந்தீங்கன்னா பொம்பளைங்களுக்கு நல்லாருக்கும்."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஆனால் ஹாரன் அடிப்பது லாரிக்காரன் செய்கிற வேலை. கத்தாத டயரைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஹாரனைக் கத்த வைப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? எல்லாரும் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காலைப் பெரட்டில், அதாவது தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, சொல்லச் சொன்னேன்.

மறுநாள் பெரட்டுக்கு நானே போயிருந்தேன். முருகையா என் உத்தரவைச் சொல்லி முடித்ததும் வரிசையிலிருந்து வேலம்மா பேசினாள். கொழுந்து பறிப்பதில் அவளைக் குறை சொல்லவே முடியாது, கை சுத்தம். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சத்தம் கேட்டா நாங்களா எறங்கிருவோம் தொரை. இப்ப சத்தம் இல்ல. மழை பேஞ்சா லோங்காங்கு வாய்க்கால்ல தண்ணி இடுப்பளவு இழுத்துக்கிட்டு ஓடுது. நீங்கதான் கொஞ்சம் நின்னு போகணும்."

நீங்கதான் நிக்கணும். அத்தனை பேர் முன்னால். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவளை அடக்கவும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவளை அப்போதே மன்னித்துவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி மேவிஸிடம் மட்டும்தான் பேசினேன். ஒரு கட்டத்தில் அவள் எழுந்து அடுத்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முருகையாவை ஆலை வளைவுக்கு அழைத்துப் போனேன். காலையில்தான் மழை விட்டிருந்தது, ரோடு நன்றாக நனைந்திருந்தது. கிரகரி சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததால் பரீட்சை பார்த்துவிடத் தீர்மானித்தேன். வளைவு முடிந்து ரோடு நேராகிற இடத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. பாறை கண்ணில் பட்டதும் பிரேக்கை மிதித்தேன். கார் கோணவில்லை, வழுக்கவில்லை. பாறைக்கும் காருக்கும் நடுவில் ஒரு மாடு தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம். இன்னும் வேகமாக வந்து பார்த்தேன், அப்போதும் நின்றது. முருகையா வாயைப் பிளந்தார்.

"அப்ப சரி தொரை. இனிமே பயமில்லை. யாரு குறுக்க வந்தாலும் நின்னுரும்" என்றார். வீட்டுக்குப் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. வேலம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மாலை மழை விட்டு வெயில் அடித்தது. கூரையை மடக்கிவிட்டு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் எதிரே நடந்து வந்தார்கள். மற்றவர்கள் காரைக் கண்டதும் வாய்க்காலில் குதித்து, புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செம்மண் தண்ணீர் அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடியது. வேலம்மா இறங்கவில்லை. பாறையின் பக்கத்தில், ரோட்டின் மேல், முதுகில் கூடையோடு நின்றாள். நின்றதோடு விடவில்லை, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் இன்ஸ்பெக்டர் விஜயன் பேனாவை எடுக்கவில்லை. என் மேல் இரக்கப்படுகிறார் என்று தோன்றியது.

"சார், ரோடு ஈரம். புது டயரு. நீங்க பிரேக் அடிச்சீங்க, வண்டி சறுக்கிருச்சு. அவ்வளவுதான் சார் எழுதப் போறேன். சரிதானே?"

தலையை ஆட்டினால் போதும். மேவிஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கதவு இடுக்கில் அவள் சேலை தெரிந்தது. ஆனால் அந்த வாக்கியம் நாளைக்குக் கிளப்புக்குப் போய்விடும். கோடைக்கால டயர் மலைக்கு ஆகாது என்று அன்றே சொன்னேனே என்று கிரகரி மேசையைத் தட்டுவான். அப்புறம் நான் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் போவது?

"சறுக்கவில்லை" என்றேன். "இதைவிட நல்ல டயர் இந்த நாட்டிலேயே கிடையாது. சந்தேகமாக இருந்தால் முருகையாவைக் கேளுங்கள். ரோட்டில் போய்ப் பாருங்கள், சறுக்கிய தடம் ஒரு சாண்கூட இருக்காது. பிரேக்கை மிதித்தால்தானே தடம் விழும்?"

அவர் அப்போதுதான் பேனாவை எடுத்தார். நான் தொடர்ந்தேன்.

"வளைவு திரும்பியதுமே அவளைப் பார்த்துவிட்டேன். மிதித்திருந்தால் கார் அவளுக்கு ரொம்ப முன்னாலேயே நின்றிருக்கும். நின்றிருந்தால் துரை காரைக் கூலிக்காரி கையைக் காட்டி நிறுத்தினாள் என்று மறுநாள் பெரட்டில் பேசுவார்கள். அதனால் நான் மிதிக்கவில்லை. இதில் டயரின் குற்றம் எங்கே இருக்கிறது, இன்ஸ்பெக்டர்? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள்."