மஞ்சள் சிறகுகள் இருந்த பெட்டி

செத்த பூச்சிக்கு விலை சொல்வதும் ஒரு பிழைப்பா என்று கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள். பிழைப்புதான் ஐயா. யானை மட்டுமா இறந்தாலும் ஆயிரம் பொன்? தபால்தலை, பழைய நாணயம், பாடம் செய்த பறவை எல்லாவற்றுக்கும் விலை சொல்வேன். ஆனால் மனசு ஒட்டியது வண்ணத்துப்பூச்சிகளிடம்தான். எழுதிக்கொள்கிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

வீடு நிறைய வண்ணத்துப்பூச்சி பிடித்து வைத்திருந்த ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு, விலை சொல்ல அவர் மகள் என்னைக் கூப்பிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வலியோடு வருகிறவனையும் சிரிக்க வைத்துவிடும் பெண். அந்த வீட்டில் கீழே இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. அதில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி மூடிய பெட்டிகள். முதல் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பூச்சிக்கும் மார்பின் நடுவில் ஊசி, ஒரே கோட்டில் விரித்த சிறகு, அடியில் பிடித்த இடம் எழுதிய துண்டுச் சீட்டு. மலையடிவாரத்தில் வெளுத்திருக்கும் ஓர் இனம் உச்சிக்குப் போகப் போக எப்படிக் கறுக்கிறது என்று வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். நடுவில் ஒன்றை உருவினாலும் அத்தனை வருட உழைப்பும் பாழ்.

மகளுக்கு அந்த அருமை தெரியவில்லை. தெரியாதது குற்றம் என்று நான் சொல்லவில்லை.

"அப்பா எங்களைப் பார்த்ததைவிட இதுங்களைப் பார்த்ததுதான் அதிகம், அண்ணா. அம்மா மாடியிலேயே கிடக்கிறாங்க, படி இறங்க முடியல. இந்த ரூம் காலியானா அவங்களைக் கீழே கொண்டுவந்து வாசலையாவது பார்க்க வைப்பேன். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

மொத்தமாக வாங்க ஓர் அருங்காட்சியகம் தேடித் தருகிறேன் என்றேன். ஒன்றில் இடமில்லை என்றார்கள், இன்னொன்றிலிருந்து பதிலே இல்லை. அவள் பொறுத்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் அவளே ஓர் ஆளைப் பிடித்தாள். கண்ணாடி மேசை செய்து விற்கிறவர். சிறகை மட்டும் வெட்டியெடுத்து மேசைக்குள் பதிப்பாராம். உடம்பும் சீட்டும் குப்பைக்கு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

"நாளைக்கு வண்டியோட வர்றாரு. கோவிச்சுக்காதீங்க அண்ணா," என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அவ்வளவு எளிதில் கோபம் வராது, வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. பெரியவர் பிடித்து, விரிக்க நேரமில்லாமல், காகிதத்தில் மடித்தே வைத்துவிட்ட பூச்சிகள் கொஞ்சம் இருந்தன. காய்ந்த சிறகை அப்படியே பிரித்தால் அப்பளமாக நொறுங்கும். ஈரமுள்ள ஜாடியில் மூடி வைத்தால் மெத்தென்று ஆகும், பிறகு விரிக்கலாம். இதை அவளிடம் சொன்னதும் அலமாரியைக் குடைந்து ஓர் அகலவாய் ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் ஒரு பூச்சு.

"அண்ணா, இது சரியா இருக்குமா? அடியில இருக்கறது தண்ணியை நல்லா இழுக்கும்போல."

அது ஈர ஜாடி இல்லை ஐயா. பிடித்த பூச்சியைக் கொல்லும் ஜாடி. அந்தப் பூச்சுக்குக் கீழே சயனைடு மருந்து இருக்கும். காய்ந்து கிடந்தால் தூங்கும். ஈரம் பட்டால் ஆவியாக எழுந்துகொள்ளும். எங்கள் தொழிலில் இருக்கிறவன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். ஜாடிமேல் இருந்த எச்சரிக்கைச் சீட்டு எப்போதோ உதிர்ந்திருந்தது. அதை நான் கிழிக்கவில்லை.

"சரியா இருக்கும்மா," என்றேன்.

அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். நான் மின்விசிறியை அணைத்து ஜன்னலைச் சாத்தினேன். பெட்டி திறந்திருக்கும் இடத்தில் காற்று ஆகாது. யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அடிக்கடி மூடியைத் திறந்து, நன்றாகக் குனிந்து, மெத்து வந்துவிட்டதா என்று கிட்டத்தில் பார்க்கச் சொன்னேன். அதுவும் முறைதான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன்.

உள்ளே நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து அந்த அம்மா மகளைக் கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, "வேலையா இருக்காங்கம்மா," என்று நான்தான் பதில் சொன்னேன். வயசானவரைப் பதற வைக்கக் கூடாதில்லையா?

சாவு விழுந்த வீட்டுக்கு யாரும் வண்டியோடு வரமாட்டார்கள். அந்த அம்மாவைக் கீழே கொண்டுவரவும் இனி ஆள் இல்லை. அறை இருந்தபடியே இருக்கும். வரிசை கலையாது. எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

விபத்து என்றுதான் நீங்களும் முதலில் நினைத்தீர்கள். எல்லாப் பெட்டியும் அறைக்குள் இருக்க, ஒன்று மட்டும் கூடத்துக்கு ஏன் வந்தது என்று உங்களுக்குத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் கெட்டிக்காரர். அது மஞ்சள் சிறகு இனங்களின் பெட்டி. அந்த மருந்தின் ஆவி ஈரத்தோடு பட்டால் மஞ்சள் சிவந்துபோகும். சிவந்தது திரும்பாது. அதனால் அவள் தண்ணீரோடு வந்து ஊற்றத் தொடங்கியபோதே அதைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது தெரியும். இருந்தாலும் எப்படி ஐயா மனசு வரும்?

அவளையும் வெளியே கூட்டி வந்திருக்கலாமே என்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டி ஐயா அது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஆடாமல் வரும்.