ஞாயிற்றுக்கிழமைத் தட்டு

— வாசல்ல ஆள் உசரத்துக்குப் படம் மாட்டியிருக்காங்களே, அதுல என் மூஞ்சி எங்கக்கா? நான் கேக்குறேன். நீங்களும் என் பையனும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. மேல 'நீதி வட்டம், இருபதாவது ஆண்டு விழா'ன்னு கொட்டை எழுத்து. பெத்தவ இங்க சர்ச்சுக்கு அடியில சமையக்கட்டுல கீரை கிண்டிக்கிட்டிருக்கேன்.

— அடுப்பைக் குறை வெர்னீடா. அடிப்புடிக்குது.

— கீரை தீயிறது தெரியுது, என் வயிறு எரியிறது தெரியல!

— படத்தை நான் போடச் சொல்லல.

— வேண்டாம்னும் சொல்லலையே! டெரல் ஜெயில்ல கெடந்தப்ப பஸ் மாறி பஸ் ஏறி, பனியில வழுக்கி விழுந்து எந்திரிச்சுப் போய்ப் பாத்தது யாரு? நான் கேக்குறேன். வெளிய வந்தான். தப்பு செஞ்சவனையும் பறிகொடுத்தவங்களையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேச வைக்கிற இந்த வட்டத்துல, உங்களுக்கு எதிர்க்க உக்காந்து அழுதான். அழட்டும். உங்க புள்ள கீனனைச் சுட்டுக் கொன்னவன், அழத்தான் வேணும். அதுக்கப்புறம்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டு முடிஞ்சதும் கிளம்பிடுறான் உங்க வீட்டுக்கு. புல்லு வெட்டுறான், பனி தள்ளுறான், அங்கயே சாப்புடுறான். உங்களை 'அம்மா'ங்கிறான்.

— கூப்புடாதப்பான்னு சொல்லிப் பாத்தேன்.

— போன வாரம் என் மக்ரோனியைத் தின்னுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'நல்லாத்தான் இருக்கு மா, ஆனா ஓசெல்லாம்மா செஞ்சா மேல மொறுமொறுன்னு இருக்கும்'ங்கிறான்!

— சீஸைக் கடைசியில தூவுவேன். வேற ஒண்ணுமில்ல.

— உங்ககிட்ட நான் சமையல் கத்துக்க வரலக்கா! நான் எடுத்துக் குடுத்த புதுக் கோட்டு ஆணியில தொங்குது. கீனனோட பழைய கோட்டை மாட்டிக்கிட்டுத் திரியறான் இவன்.

— அன்னிக்கு நடுங்கிக்கிட்டு நின்னான். கையில அகப்பட்டதைக் குடுத்தேன்.

— எல்லாத்தையும் குடுங்க. அவனையும் எடுத்துக்கோங்க.

— ஓசெல்லா அத்தை, மேல வர்றீங்களா? ஆளுங்கல்லாம் உக்காந்துட்டாங்க.

— இந்தா வர்றேன் கோர்டெல்.

— நகராட்சி கைய விரிச்சிட்டது உங்களுக்கே தெரியும். இன்னிக்கு வந்திருக்கவங்க மனசு எறங்கிப் பணம் குடுக்கலைன்னா, இருபது வருஷமா நாம வட்டம் நடத்துன இடத்தைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். நீளமாப் பேச வேணாம் அத்தை. டெரல் கையப் புடிச்சுக்கிட்டு, 'மன்னிச்சிட்டேன்'னு ஒரு வார்த்தை. அது போதும்.

— சரி, நீ போ. பின்னாலயே வர்றேன்.

— போங்கக்கா, போய்க் கைத்தட்டு வாங்குங்க. எதுக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

— நீ போயேன்.

— என்னது?

— எனக்குப் பதிலா நீ போய் அவன் பக்கத்துல நில்லு.

— நக்கலா?

— இல்லம்மா. அந்த வார்த்தை என் வாயில வராது.

— மன்னிச்சதா? அதான் அன்னிக்கே வட்டத்துல சொன்னீங்களே! 'ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சாப்புடு'ன்னீங்க. கோர்டெல் தேம்பித் தேம்பி அழுதான். நானுந்தான் அழுதேன்.

— சாப்புட வான்னேன். மன்னிச்சேன்னு சொல்லல. நீங்கள்லாம் அப்படி எடுத்துக்கிட்டீங்க.

— மன்னிக்காதவளுக்கு அவன் எதுக்குக்கா வீட்டுக்கு? நான் கேக்குறேன்.

— அன்னிக்கு வட்டத்துல நான் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி நீ பேசுன. என்ன பேசுனேன்னு ஞாபகம் இருக்கா?

— என்னமோ... கடவுளுக்கு நன்றி சொன்னேன். எம்புள்ள வந்துட்டான், இனிமே ஞாயித்துக்கிழமை என் மேசையில ஒரு தட்டும் காலியா இருக்காதுன்னேன். சந்தோஷத்துல சொன்னது.

— எதிர்க்க உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன் வெர்னீடா. உன் வீட்டுலயும் ஒரு தட்டு காலியாவே இருக்கட்டும்னுதான் அவனைக் கூப்பிட்டேன்.