அடைக்கக் கூடாத ஓட்டை

கருப்பணன்: அண்ணே, இருபது வருஷமா வெல்டிங் வைக்கிறேன். ஓட்டைய விட்டுட்டு மத்ததெல்லாம் ரிப்பேர் பண்ணுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்.

காத்தமுத்து: சொன்னதச் செய்யப்பு. கோழி சுடுற அடுப்புக்குக் கால் நாலையும் மாத்து. துருவத் தட்டு. கம்பி வளைஞ்சத நிமித்து. இடது மூலையில ஓட்ட இருக்குல்ல, அதுகிட்ட மட்டும் போயிராத.

கருப்பணன்: போயிராதன்னா... என் கையே உள்ள போகுதுண்ணே.

காத்தமுத்து: கைய எடு மொதல்ல.

இன்னாசியம்மாள்: நல்லாக் கேட்டுக்க கருப்பணா. நேத்து அந்த ஓட்ட வழியா கங்கு விழுந்து இவரு கால்ல கொப்புளம். கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் மருந்து போட்டேன். கால் எப்படி இருக்குன்னு கேட்டா, அடுப்புக் கால் ஆடுதுங்குறாரு.

காத்தமுத்து: என் காலு. என் அடுப்பு. உனக்கென்ன?

கருப்பணன்: பேசாம புதுசு எடுத்துருங்கண்ணே. பட்டறையில ஒண்ணு ரெடியா நிக்கிது. எவர்சில்வர் தகடு, அடியில சாம்பல் தட்டு, எல்லாப் பக்கமும் ஒரே சூடு. இதப் பேரிச்சம்பழத்துக்குப் போட்டா அவனே யோசிப்பான்.

காத்தமுத்து: ஒரே சூடு... யாருக்கு வேணும் ஒன் ஒரே சூடு? சாணார்பட்டி ரோட்டுல அப்படி நாலு கடை இருக்கு, போய்ப் பாரு. ஈ கூட உக்காரல. அய்யலூர் சந்தைக்கு ஆடு ஓட்டிட்டு வர்றவன் என் கடையத் தேடி வந்து சுட்டகோழி திங்கிறான். எதுக்கு? இந்த அடுப்புக்கு.

கருப்பணன்: அடுப்புக்கு இல்லண்ணே. நீங்க ஜெபம் சொல்லிச் சுடுறீங்கல்ல... அதுக்குன்னுல்ல பேசிக்கிறாங்க.

இன்னாசியம்மாள்: ஜெபமா? ஞாயித்துக்கிழம பூசைன்னா இவருக்கு வயித்துவலி வந்துரும்.

கருப்பணன்: நானே பாத்தேன் மதினி. அருள் நிறைந்த மரியேன்னு முணுமுணுக்கிறாரு. கோழியத் திருப்புறாரு. மறுபடி மொதல்லருந்து முணுமுணுக்கிறாரு. கோழிக்கே மோட்சம் கெடைச்சிரும் போல.

காத்தமுத்து: ஏலே, டீ குடிக்கப் போறேன்னியே, போகலையா?

கருப்பணன்: நான் சொல்லவே இல்லையேண்ணே.

காத்தமுத்து: இப்ப சொல்லு. சொல்லிட்டுப் போ.

கருப்பணன்: சரி சரி... செத்த நேரத்துல வாரேன். அதுக்குள்ள பழசா புதுசான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணி வைங்க.

இன்னாசியம்மாள்: போயிட்டான். இப்ப சொல்லுங்க. அந்த ஓட்ட மேல அப்படி என்ன பாசம்?

காத்தமுத்து: நீ பேசாத. கடையில ஆள் நெறஞ்சு நிக்கிறப்ப 'கருகுது, கருகுது'ன்னு கத்துறியே, கட்டுன புருசன்ங்கிற மருவாதி இருக்கா? நேத்து அந்த ரெட்டியார்சத்திரத்துக்காரன் கேக்குறான், 'மாஸ்டரு யாரு, நீங்களா அம்மாவா'ன்னு. மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?

இன்னாசியம்மாள்: நான் கேட்டது ஓட்டைய.

காத்தமுத்து: ஓட்ட வழியா காத்து ஏறும். இடது மூல திகுதிகுன்னு எரியும். அங்க பதினோரு அருள்நிறை சொல்லித் திருப்பணும். நடுவுல பதினாறு. வலது ஓரம் இருவது, தொடையா இருந்தா இன்னும் ரெண்டு. ஓட்டைய அடைச்சா அம்புட்டும் மாறிப்போகும்.

இன்னாசியம்மாள்: அத எதுக்கு எண்ணிக்கிட்டு? மோந்து பாத்தா தெரியாதா, வெந்துச்சா கருகுச்சான்னு?

காத்தமுத்து: தெரியாது. தெரியாதுடி. அந்தக் கொரோனா வந்துட்டுப் போனதுலருந்து மூக்கு செத்துப்போச்சு. மல்லியப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான். போதுமா? போ, மூக்கில்லாத மாஸ்டர்னு போர்டு எழுதி மாட்டு.

இன்னாசியம்மாள்: எனக்குத் தெரியும்.

காத்தமுத்து: என்ன தெரியும்?

இன்னாசியம்மாள்: மாதா திருவிழாவுக்கு மறுநாளு வெஞ்சனம் ஊசிப்போச்சுன்னு கொட்ட எடுத்து வச்சிருந்தேன். பூனை மோந்துட்டு ஓடிருச்சு. நீங்க ரெண்டு தடவ போட்டுத் தின்னுட்டு, 'இன்னைக்குத்தான் உன் கைப்பக்குவம் சரியா வந்திருக்கு'ன்னீங்க.

காத்தமுத்து: ...அது நடந்து எத்தன வருஷம் இருக்கும்?

இன்னாசியம்மாள்: மூணு.

காத்தமுத்து: அடிப்பாவி. மூணு வருஷமா தெரிஞ்சு வச்சுக்கிட்டா, ஊர் முன்னாடி கருகுது கருகுதுன்னு என் மானத்த வாங்குன?

இன்னாசியம்மாள்: பின்ன, எங்க வீட்டுக்காரருக்கு மோப்பம் தெரியாது, யாராச்சும் திருப்பச் சொல்லுங்கன்னா கத்தச் சொல்றீங்க? பொண்டாட்டி திட்டுனா சிரிச்சிக்கிட்டே தின்னுட்டுப் போயிருவாங்க. அந்தா கருப்பணன் வாரான், கண்ணத் தொடைங்க. ஓட்டைய அடைக்கச் சொல்லிருங்க. அடைச்ச பெறகு எந்த மூலைக்கு எத்தன அருள்நிறைன்னு உங்களுக்குப் பிடிபடுற வரைக்கும் நான் இன்னும் கொஞ்சம் சத்தமாவே திட்டுறேன்.