அந்தப் பேரில் படம் இல்லை

பழைய தாளைத் தொடுமுன் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும் ஐயா. பெரிய படிப்புப் படித்தவர்களே இதைச் செய்வதில்லை. கண்டியில் எங்கள் கந்தோரின் ஆவண அறையில் இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. சுபாஜினிக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்த முதல் நாளே கையைக் கழுவிவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கெம்பஸ் மாணவி. கலஹாவுக்கு மேலே கத்தாளைத் தோட்டத்துப் பிள்ளை.

"அண்ணே, எங்க தோட்டத்துப் பழைய சர்வே படம் வேணும். பழைய லயத்து வீடுகள ஒடச்சிட்டு மேட்டடியில புது வீடு கட்டப்போறாங்க. அந்த மேடு வெள்ளக்காரன் காலத்துல ஒருக்கா சரிஞ்சு விழுந்துச்சாம். படத்துல அது இருந்தா கமிட்டிக்காரங்க நிப்பாட்டிருவாங்க. எங்கம்மாவுக்கும் அங்கதான் வீடு."

தோட்டங்களுக்கு இரண்டு பேர் உண்டு ஐயா. துரைமார் வைத்தது ஒன்று, சனங்கள் கூப்பிடுவது ஒன்று. எங்கள் அலமாரியின் இழுப்பு லாச்சிகளில் துரைமார் வைத்த பேர்தான் ஒட்டியிருக்கும். கத்தாளைத் தோட்டத்தை எழுபதுகளில் பெரிய தோட்டம் ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். துரைமார் கத்தாளைக்கு வைத்த ஆர்ட்மோர் என்ற பேர் அங்கே இருப்பவர்களுக்கே மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பேர்தான் இருக்கிறது.

படத்தை எடுத்துக் கொடுக்கத்தான் எழுந்தேன். அது சத்தியம். லாச்சியின் கைப்பிடியில் என் கை இருந்தது. அன்றைக்கு அறையில் நல்ல கூட்டம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நானும் கெட்டேன். "என்ன இன்னிக்கு, பிரட்டுக்களம் மாதிரி இருக்கு" என்று பக்கத்து மேசை பாயிஸிடம் சொல்லிவிட்டேன்.

காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் இடம் பிரட்டுக்களம். டவுனில் பிறந்தவன் வாயில் அந்தச் சொல் வராது.

சுபாஜினியின் முகம் மலர்ந்தது. "அண்ணே, நீங்களும் நம்மாளா? எந்தத் தோட்டம்?"

அத்தனை பேர் முன்னால் கேட்டாள். என் தகப்பனார் கண்டியில் புடவைக்கடை வைத்திருந்தவர் என்றுதான் கந்தோர் முழுக்க நம்பியிருந்தது. பாயிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அடடே வீரசிங்கம், இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லல்லயே" என்று சிரித்தார். மடவளைக்காரர், கெட்ட மனிதரில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆர்ட்மோர் லாச்சியை இழுத்தால் எந்தத் தோட்டம் என்பதற்கு நானே பதில் சொன்னதாகிவிடும். லாச்சியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். "அந்தப் பேர்ல படம் ஒண்ணும் இல்லையே தங்கச்சி" என்றேன்.

அது பொய்யில்லை. அந்தப் பேரில் இல்லைதான்.

ஐந்து முறை வந்தாள். கமிட்டி பதினான்காம் தேதி என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். நான் அவளை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மலேரியா ஒழிப்புப் போஸ்டர்கள், பயிர் செய்யச் சொல்லும் போஸ்டர்கள், வெள்ளத்தில் மூழ்கிய பேராதனைப் பாலத்தின் போட்டோ, எல்லாம் எடுத்துப் பரப்பினேன். தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். பொறுமையாக ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். அவள் முதுகு லாச்சியிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. "ஒங்களுக்கு வீண் கஷ்டம் அண்ணே" என்பாள்.

படம் இல்லாமல் கமிட்டி அவள் பேச்சை எடுக்கவில்லை. பதினொரு வீடு கட்டினார்கள். அடுத்த வருடம் கார்த்திகை மழையில் மேடு இறங்கியது. பத்தொன்பது பேர். அவளுடைய அம்மா வடிவம்மாவும் தம்பி யுகேஷும் அதில் அடக்கம். அவள் அன்றைக்குக் கெம்பஸில் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து திரும்பவும் வந்தாள். கையைக் கழுவினாள். "வீட்டுல இருந்த போட்டோ எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு அண்ணே. பழைய லயம் தெரியிற மாதிரி ஒரு போட்டோ இருந்தா போதும்" என்றாள். எனக்கும் மனம் இருக்கிறது ஐயா. ஐந்தே நிமிடத்தில் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

போட்டோவைக் கொடுக்குமுன் பின்பக்கத்தைப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் பார்க்கவில்லை. யாரோ ஒரு துரை பென்சிலால் ஆர்ட்மோர் என்று எழுதி வைத்திருந்தான். அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். எழுந்தாள். லாச்சிகளின் பேர்களை விரலால் தொட்டுக்கொண்டே போய் ஒன்றை இழுத்தாள். படம் மேலேயே கிடந்தது. மேட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் கோடு போட்டு, சரிந்த வருடமும் எழுதியிருந்தது.

அவள் கத்தவில்லை. "ஒங்களுக்குத் தெரியுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். முதல் நாளே தெரியும். வீடு கட்டும்போதும் தெரியும், மழை பிடித்தபோதும் தெரியும். ஆர்ட்மோர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எதையும் நான் மறைக்கவில்லை, கிழிக்கவில்லை, லாச்சியைப் பூட்டக்கூட இல்லை. கேட்ட பேரில் இருந்தால் கொடுப்பதுதான் என் வேலை.

எல்லாம் எழுதிவிட்டீர்களா? கையெழுத்து வைக்கிறேன். ஒன்றே ஒன்று ஐயா. இந்த வாக்குமூலத்தில் ஒரு பிரதி எங்கள் கந்தோருக்கும் போகும், பாயிஸ் வாசிப்பார். பிறந்த இடம் என்று ஒரு கோடு விட்டிருக்கிறீர்களே, அதில் கண்டி டவுன் என்று போட்டுவிடுங்கள்.