அணையாத பச்சை விளக்கு

பழனியாண்டி முருகையா, வயது நாற்பத்தாறு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துத் தொழிலாளி, மூன்றாம் இலக்க லயம், வெள்ளைப்பாறைத் தோட்டம், பூனாகலை. அந்த லயத்து வீட்டு வரிசை இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. வேறு முகவரி எனக்கு இல்லாததால் அதையே எழுதச் சொன்னேன். மண்சரிவை அறிவிக்கும் சங்கின் வயரை நாசப்படுத்தினேன் என்று என்மேல் சொல்லப்படும் குற்றத்தை விளங்கிக்கொண்டு, 2007 டிசம்பரில் இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

மழை அளவு மீறினால் ஆபீஸ் மெஷின் கோயில் கூரையிலுள்ள சங்கை ஊதவைக்கும். அதற்கு இரண்டு வயர்கள். ஒன்று தேயிலை மலை வழியாகவும் மற்றது ரோட்டோரமாகவும் போகின்றன. முதல் வயர் கெட்டால் ஆபீஸ் பெட்டி தானாகவே இரண்டாவதற்கு மாறும் என்று தோட்டத்துத் துரை, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை நான் கவ்வாத்து வெட்டும்போது கிளையோடு சேர்ந்து ஒரு வயரும் அறுந்தது. மண்ணில் புதைக்க வேண்டியதை, வயர் போட்டவர்கள் குழி தோண்டச் சோம்பற்பட்டுச் செடிகளுக்குள்ளேயே இழுத்து விட்டிருந்தார்கள். நான் ஒளிக்கவில்லை. அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் துண்டைப் பார்க்கவில்லை, பெட்டியிலிருந்த பச்சை விளக்கைப் பார்த்தார்.

“பச்சை எரியுதெல்லோ. அறுந்திருந்தா இது அணைஞ்சு மற்ற வயருக்கு மாறியிருக்கும். போய் வேலையைப் பார்.”

அதன் பின்னர் நான் மலைக்குத் திரும்பினேன். அந்தத் துண்டுதான் இப்போது எனக்கு எதிரான தடயப்பொருள்.

சனிக்கிழமை மழை விடவில்லை. என் மனைவி ஜெயலெட்சுமி துணிமணியை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, ஆபீசுக்குப் போய் அவளும் கேட்டாள். அவளுக்கும் விளக்கைக் காட்டியிருக்கிறார்கள். அதன் பின்னர் வந்து, “பச்சை நல்லா எரியுதுங்க, சங்கு ஊதுனா போவோம்” என்று சொல்லி மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

ஞாயிறு பகல் நான் அரிசி வாங்கப் பெரகலவுக்குப் போயிருந்தபோது மலை இறங்கியது. சங்கு ஊதவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தோம். அப்போது திடீரென்று சங்கு ஊதியது. எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை.

அதன் பின்னர் சங்கு பூட்டிய கம்பனியிலிருந்து வந்த வயர்க்காரர் துஷாந்த் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். பெட்டியையும், மலை வயர் புறப்படும் பக்கத்துச் சின்னப் பெட்டியையும் இணைக்கும் முழ நீள வயரைக் கழற்றினாராம். அந்த நொடியே விளக்கு அணைந்து, இரண்டாவது வயர் வேலை செய்து, ஞாயிறு முதல் தேங்கியிருந்த கட்டளை போய்ச் சங்கை ஊதியதாம். மலையில் எது அறுந்தாலும் அந்த விளக்குக்குத் தெரியாது என்றார். பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு பெட்டிகள் தங்களுக்குள் நலம் விசாரித்துக்கொண்டதைத்தான் ஊரே நம்பியிருக்கிறது. இரண்டாவது வயருக்கு ஒரு குறையும் இல்லை, ஞாயிறன்றும் அது நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு இது வாசித்துக் காட்டப்பட்டது. ‘வேண்டுமென்றே’ என்று இருந்ததை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். மிச்சமெல்லாம் நான் சொன்னது, உண்மை. ஒன்று மட்டும் சேர்த்து எழுதச் சொன்னேன்: சங்கு ஊதியபோது ஜெயலெட்சுமியை இன்னும் வெளியே எடுத்திருக்கவில்லை.

(ஒப்பம்) ப. முருகையா